ரயிலுக்காக நிற்கும் பஸ்

1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் கிழக்குக் கோடியில் உள்ள கிரவ்புண்டன் மாநில அரசு ஓர் உத்தரவு போட்டது. மாநிலத்தின் எந்தச் சாலையிலும் மோட்டார் கார் ஓடக் கூடாது. சாலைகளோ குறுகல், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். காரைக் கண்டால் குதிரைகள் மிரண்டன, புழுதி வயலையும் வீட்டையும் மூடியது, எதிரே வரும் தபால் வண்டிக்கு ஒதுங்க இடமில்லை. ஊர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தடை 25 ஆண்டுகள் நீடித்தது. 1907க்கும் 1925க்கும் இடையில் மட்டும் இந்த விவகாரம் பத்து முறை வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. அந்த நாட்டுப் பெண்கள் தேசிய அளவில் வாக்குரிமை பெற 1971 வரை காத்திருந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் காரோடு எல்லைக்கு வந்த சீமான்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, காருக்கு முன்னால் குதிரையைப் பூட்டி இழுக்கச் செய்துதான் மாநிலத்தைக் கடந்தார்கள். 1925 ஜூன் 21ஆம் தேதி நடந்த கடைசி வாக்கெடுப்பில் சிறிய வித்தியாசத்தில்தான் தடை நீங்கியது.

கார் வராத அந்தக் கால் நூற்றாண்டில் சுற்றுலாப் பயணிகளும் வராமல் போனார்களா? இல்லை. செயின்ட் மோரிட்ஸ், தாவோஸ், அரோசா ஆகிய மலையூர்கள் உலகப் பெயர் பெற்று வளர்ந்த காலத்தில் பெரும்பகுதி அதுவேதான். வந்தவர்கள் ரயிலில் வந்தார்கள். மாநிலத்தின் குறுகிய அகல ரயில் பாதையில் பெரும்பகுதி, தடை இருந்த காலத்தில்தான் போடப்பட்டது: அல்புலா பாதை 1903இல் திறக்கப்பட்டு 1904இல் செயின்ட் மோரிட்ஸை எட்டியது, 1910இல் பெர்னினா கணவாயைத் தாண்டி இத்தாலியின் தீரானோ வரை ரயில் ஓடியது, 1912இல் திசென்டிஸ், 1914இல் அரோசா. ரயிலில் போட்ட முதல் வீணாகிவிடுமோ என்ற கவலையும் காருக்கு எதிரான மனநிலையோடு சேர்ந்துகொண்டது உண்மைதான். ஆனாலும், காரே இல்லாத சுற்றுலா என்பது ஒரு முழு மாநிலத்தின் பிழைப்பாகவே இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இன்று கார் வேண்டாம், ரயிலிலும் பஸ்ஸிலும் போய் வருவோம் என்று விடுமுறையைத் திட்டமிடுகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் நாடு சுவிட்சர்லாந்து. மலையும் ஏரியும் அழகாக இருப்பதால் மட்டும் அது அமைந்துவிடவில்லை. மலையும் ஏரியும் பல நாடுகளில் உண்டு. ஒரு ரயிலிலிருந்து இறங்கி அடுத்த ரயிலையோ பஸ்ஸையோ பிடிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு சமூகம் நூற்றைம்பது ஆண்டுகளாகச் செலவிட்ட பணமும், போட்ட வாக்கும், உட்கார்ந்து போட்ட கணக்கும்தான் காரணம்.

அதற்கு முன்பு எப்படி இருந்தது என்பதற்கு ஓர் ஆங்கிலப் பெண்மணியின் நாட்குறிப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் மலிவான ரயில் சுற்றுலாக்களை நடத்திப் பெயர் பெற்றிருந்த தாமஸ் குக், 1863 கோடையில் முதன்முறையாக ஒரு கூட்டத்தை சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போனார். அதில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜெமைமா மோரல் என்பவரும் இருந்தார். ஜெனீவா வரைதான் ரயில் பெரிதும் கைகொடுத்தது. அதற்கப்பால் கோவேறு கழுதை, குதிரை வண்டி, ஏரிப் படகு, மிச்சமெல்லாம் நடை. தரையைத் தொடும் பாவாடையோடு கெம்மி கணவாயின் செங்குத்துப் பாதையில் அந்தப் பெண்கள் நடந்தார்கள். பொழுது புலரும் முன் எழுந்து, இருட்டும்வரை பயணம். தொலைந்துபோன அந்த நாட்குறிப்பு இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு, பயணத்தின் நூற்றாண்டான 1963இல் அச்சேறியது. அவர்கள் ரிகி மலையுச்சியில் தங்கிச் சூரிய உதயம் பார்த்ததும் அதில் உண்டு. உச்சிக்குப் போகக் காலையோ கழுதையையோ நம்ப வேண்டியிருந்த கடைசிச் சில ஆண்டுகள் அவை.

1871 மே 21ஆம் தேதி, லூசெர்ன் ஏரிக் கரையில் உள்ள ஃபிட்ஸ்னாவிலிருந்து அதே ரிகி மலைக்கு ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் ஏறியது. நிக்லாஸ் ரிக்கன்பாக் என்ற பொறியாளரின் வேலை அது. தண்டவாளங்களுக்கு நடுவே ஏணி போன்ற ஒரு பல்சட்டம். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலேறும். ஒரு நாள் முழுக்கத் தின்ற மலையேற்றம், காலையில் கிளம்பி மதியம் கரைக்குத் திரும்பிவிடும் உலாவாகச் சுருங்கியது. படகு கரையைத் தொடும் நேரத்துக்கு ரயில் கிளம்பியாக வேண்டும். படகுக்கும் மலை ரயிலுக்குமான இந்தப் பொருத்தம்தான் பிற்காலத்துப் பெரிய ஏற்பாட்டின் சின்ன முன்மாதிரி.

இந்த ரிக்கன்பாக்குக்கும் நீலகிரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1882இல் அரசின் அழைப்பின்பேரில் அவர் நீலகிரிக்கு வந்து, குன்னூருக்கு ரயில் விடத் திட்டமும் செலவுக் கணக்கும் தயாரித்துக் கொடுத்தார். முதல் திரளாமல் அது நின்றுபோனது. பிறகு, அவரிடம் வேலை பார்த்துப் பழகிய ரோமன் ஆப்ட் என்ற மற்றொரு சுவிஸ் பொறியாளர் உருவாக்கிய பல்சட்ட முறையில்தான் மேட்டுப்பாளையம் பாதை போடப்பட்டது. 1899இல் குன்னூர், 1908இல் உதகை. பன்னிரண்டரை அடி நகர்வதற்குள் ஓரடி ஏறும் அந்தச் சரிவில் தள்ளிக்கொண்டு போன நீராவி எஞ்சின்கள் பல சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டுக் கடல் கடந்து வந்தவை. இரவில் சென்னையை விடும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியலில் மேட்டுப்பாளையம் வந்து மலை ரயிலுக்கு ஆள் சேர்ப்பது இன்றும் தொடரும் நல்ல ஏற்பாடு. 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, மலைச்சாலையில் எத்தனை கார் என்ற ஐரோப்பியக் கேள்வி தமிழ்நாட்டின் கேள்வியாகவும் ஆகிவிட்டது. மலையேற்றும் எஞ்சின் அங்கிருந்து இங்கு வந்தது. ரயிலையும் பஸ்ஸையும் ஒரே அட்டவணையில் கோத்த கதை இன்னும் பிந்தையது; அதை அங்கேயே போய்த்தான் பார்க்க வேண்டும்.

சூரிச் கலைக்கூடத்தில் ருடால்ஃப் கோலர் 1873இல் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. கோட்ஹார்டு கணவாயிலிருந்து தபால் வண்டி பாய்ந்து இறங்குகிறது. குதிரைகளுக்கு முன்னால் ஒரு கன்று மிரண்டு ஓடுகிறது. அந்த ஓவியம் ரயில் கம்பெனிப் பெருமுதலாளி ஆல்ஃபிரெட் எஷருக்குப் பரிசாக வரையப்பட்டது. அவரோ அந்தத் தபால் வண்டிக்கு முடிவு கட்டும் கோட்ஹார்டு சுரங்கப் பாதையின் முன்னோடிகளில் ஒருவர். வண்டியில் ஏறக்குறைய ஒரு நாள் பிடித்த கணவாய்ப் பயணம், 15 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் 1882இல் திறந்ததும் சில மணி நேரமாகியது. அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் இத்தாலியத் தொழிலாளர்கள். ஏறத்தாழ இருநூறு பேர் செத்தார்கள். 1875இல் கூலியும் காற்றும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. நான்கு பேர் மாண்டார்கள். குத்தகையெடுத்த லூயி ஃபாவ்ரே 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே உயிரை விட்டார். இன்று ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மலையைக் கடக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

தனியார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பாதை போட்ட காலம் 1898 பிப்ரவரி 20ஆம் தேதியோடு திசை மாறியது. பெரிய ரயில் கம்பெனிகளை நாடே வாங்கிக்கொள்வதா என்று வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஆம் என்றார்கள். 1902இல் கூட்டாட்சி ரயில்வே பிறந்தது. மலைப் பாதைகள் பல தனிக் கம்பெனிகளிடமே இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் கம்பெனி எதுவானாலும் பயணச்சீட்டு ஒன்றே என்ற வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1891இல் அரைக் கட்டண அட்டையும், 1898இல் எல்லா வண்டியிலும் ஏறலாம் என்ற முழு அட்டையும் விற்பனைக்கு வந்தன. சுவிஸ் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இன்று அரைக் கட்டண அட்டை வைத்திருக்கிறார்.

ரயில் நின்ற இடத்திலிருந்து மேலே யார் கொண்டுபோவது? தபால்காரர்தான். 1849இல் உருவான கூட்டாட்சி அஞ்சல் துறைக்குக் கடிதத்தோடு ஆட்களையும் குறித்த நேரத்தில் ஏற்றிச் செல்லும் தனியுரிமை இருந்தது. எனவே குதிரை வண்டி போய் மோட்டார் வந்தபோதும் அதை ஓட்டியது தபால் துறையே. 1906 ஜூன் 1ஆம் தேதி பெர்னிலிருந்து தெட்லிகன் என்ற ஊருக்கு முதல் தபால் பஸ் ஓடியது. கிரவ்புண்டனில் தனியார் காருக்குத் தடை இருந்த கடைசி ஆண்டுகளிலேயே தபால் பஸ்ஸுக்கு அனுமதி கிடைத்தது. அந்த வரிசை கவனிக்கத் தக்கது: மலைக்கு முதலில் ரயில், பிறகு எல்லாருக்குமான பஸ், கடைசியாகத்தான் சொந்தக் கார்.

மஞ்சள் நிறத் தபால் பஸ் வளைவுக்கு வளைவு ஊதும் மூன்று சுர ஹார்ன், ரோசினியின் வில்லியம் டெல் இசைநாடகத்தின் முகப்பிசையிலிருந்து எடுத்தது. அந்த ஒலி வெறும் அழகுக்கு அல்ல. மலைத் தபால் சாலை என்று பலகை வைத்த இடங்களில், எதிரே வரும் கார்க்காரர் தபால் பஸ் ஓட்டுநர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பின்னால் எடு என்றால் எடுக்க வேண்டும். சட்டமே அப்படி.

முதல் உலகப் போரில் நிலக்கரி வருவது குறைந்து ரயில்கள் தத்தளித்தன. நாட்டில் நிலக்கரி இல்லை, அருவிகள் இருந்தன. கோட்ஹார்டு பாதை 1920இல் மின்சாரத்துக்கு மாறத் தொடங்கியது. பிறகு நாடு முழுவதும்.

இத்தனை இருந்தும், விடுமுறை என்பது நெடுங்காலம் வசதியுள்ளவர்களின் சொத்தாகவே இருந்தது. அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் கொட்லீப் டுட்வைலர். லாரிகளில் சர்க்கரையும் காப்பியும் ஏற்றித் தெருத்தெருவாக மலிவு விலையில் விற்று மீக்ரோ நிறுவனத்தை 1925இல் தொடங்கியவர். பொருளாதார மந்தத்தில் மலை ஹோட்டல்கள் ஈயடித்துக் கிடந்த 1935இல், ஹோட்டல்ப்ளான் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். ரயில் கட்டணம், தங்கும் அறை, சாப்பாடு, பக்கத்து ஊர்களுக்கான உலா எல்லாம் சேர்த்து ஒரு வாரத்துக்கு ஒரே விலை. தையல்காரரும் ஆலைத் தொழிலாளியும் குடும்பத்தோடு ஏரிக்கரை ஹோட்டலில் தங்கினார்கள். ஓர் ஊரில் பெட்டியை வைத்துவிட்டுத் தினமும் ஒரு திசைக்குப் போய்த் திரும்பும் முறை சாதாரண மக்களின் விடுமுறையாக மாறியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1939இல் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் போக்குவரத்துத் துறையினரும் சேர்ந்து தொடங்கிய ரேக்கா என்ற விடுமுறைச் சேமிப்பு நிதி அதை இன்னும் பரவலாக்கியது.

போருக்குப் பின் அங்கும் கார் பெருகியது. நெடுஞ்சாலைகள் வந்தன. 1973 எண்ணெய் நெருக்கடியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நாட்டில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். மக்கள் நெடுஞ்சாலையில் சைக்கிள் விட்டார்கள். நெருக்கடி தீர்ந்ததும் கார் திரும்பியது. ரயில் தோற்றுக்கொண்டிருந்தது. எப்போது வரும், எதோடு சேரும் என்று தெரியாத ரயிலை யார் நம்புவார்கள்?

இதற்கான விடையை ரயில்வேக்குள்ளேயே இருந்த சில இளம் பொறியாளர்கள் கணக்குப் போட்டு எடுத்தார்கள். சாமுவேல் ஸ்டேலி அவர்களில் முதன்மையானவர். கனவு காண்பவர்கள் என்று மற்றவர்கள் பேசிய அந்தச் சிறு குழு, 1972இல் தன் திட்டத்தை வெளியிட்டது. யோசனை எளிது. ஒவ்வொரு மணி நேரமும், அதே நிமிடத்தில், எல்லாத் திசையிலும் ரயில். காலை 8.02க்கு ஒரு ரயில் என்றால் 9.02க்கும் 10.02க்கும் இரவுவரை அதே. அட்டவணையைப் புரட்டாமலே மனத்தில் வைத்துக்கொள்ளலாம். பத்தாண்டு வாதத்துக்குப் பிறகு 1982 மே 23ஆம் தேதி நாடு முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. 1987 டிசம்பரில் ‘ரயில் 2000’ திட்டம் வாக்கெடுப்பில் வென்றது. முடிந்தமட்டும் வேகம் வேண்டாம், தேவையான வேகம் போதும் என்பது அதன் கொள்கை. பெரிய சந்திப்பு நிலையங்களுக்கு எல்லாத் திசை ரயில்களும் முழு மணிக்குச் சற்று முன்னால் வந்து சேர வேண்டும். சில நிமிடங்களில் பயணிகள் மாறி ஏறிக்கொள்ள, மணி கடந்ததும் எல்லாம் கிளம்ப வேண்டும். பிறகு அரை மணிக்கும் அதுவே. இதற்கு ஒரு நிலையத்துக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையே பயண நேரம் ஒரு மணிக்குள்ளோ அரை மணிக்குள்ளோ அடங்க வேண்டும். பெர்ன் முதல் சூரிச் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடித்தது. அந்த மிச்சச் சில நிமிடங்களைக் குறைக்க, மாட்ஸ்டெட்டனுக்கும் ரோத்ரிஸ்டுக்கும் இடையே 45 கிலோமீட்டர் புதுப் பாதை போட்டார்கள். பயணம் 56 நிமிடமானது. மற்ற நாடுகள் மணிக்கு 300 கிலோமீட்டர் ரயிலுக்குச் செலவிட்ட காலத்தில், இவர்கள் இணைப்பு தவறாமலிருப்பதற்காகப் பாதை கட்டினார்கள். 2004 டிசம்பர் 12ஆம் தேதி, ஒரே இரவில் நாட்டின் கால அட்டவணை கிட்டத்தட்ட முழுவதும் மாறியது. ரயில் வரலாற்றில் பெரிய சாதனைகளை வரிசைப்படுத்துகிறவர்கள் பாலங்களையும் சுரங்கங்களையும் சொல்கிறார்கள். இந்தக் கால அட்டவணையும் அந்த வரிசையில் இருக்க வேண்டும்.

பஸ்ஸும் இதே தாளத்துக்குள் வந்தது. ஆண்டு முழுதும் நூறு பேராவது குடியிருக்கும் ஊர் என்றால், அங்கே பொதுப் போக்குவரத்துக்கு மத்திய அரசும் மாநிலமும் பணம் தரும் என்பது விதி. ஆகவே பள்ளத்தாக்கின் கடைசிக் கிராமத்துக்கும் ஒரு மஞ்சள் பஸ் உண்டு. அது சுற்றுலாப் பயணிகளுக்காக விடப்பட்டதல்ல. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் மருத்துவரைப் பார்க்கப் போகும் கிழவிக்குமானது. வெளியூர்க்காரர்களின் காரில்லா விடுமுறை, உள்ளூர்க்காரர்களின் இந்த அன்றாட உரிமைமேல் ஏறித்தான் நடக்கிறது. 1980களில் போரிலிருந்து தப்பி வந்து அங்கே வேரூன்றிய ஈழத்தமிழர்களுக்கும் இந்த ரயிலும் பஸ்ஸும் அன்றாட வாழ்வுதான்.

கிரவ்புண்டனின் தலைநகர் கூரில் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பினால் இது எப்படி வேலை செய்கிறது என்று விளங்கும். அங்கே பஸ் நிலையம், தண்டவாளங்களுக்கு நேர் மேலே கண்ணாடிக் கூரையின்கீழ் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கிப் படியேறினால் போதும். நிலையத்துக்கு வெளியே தெருவிலிருந்தே அரோசா ரயில் கிளம்புகிறது. ஊருக்குள் டிராம் மாதிரி ஊர்ந்து, பிறகு மலையேறி, 62 மீட்டர் உயரமுள்ள லாங்வீஸ் கான்கிரீட் பாலத்தைக் கடந்து ஒரு மணி நேரத்தில் 1739 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. இன்னொரு நாள் அல்புலா. ஆறு வளைவுகளோடு 65 மீட்டர் உயரத்தில் வளைந்து நிற்கும் லாண்ட்வாசர் பாலத்தின் ஒரு முனை நேராகப் பாறைச் சுவரில் உள்ள சுரங்கத்துக்குள் போகிறது. செயின்ட் மோரிட்ஸ் பக்கத்திலிருந்து பெர்னினா பாதையில் 2253 மீட்டர் வரை பல்சக்கரம் இல்லாமலே ஏறி, பனைமரம் நிற்கும் தீரானோவில் மதிய உணவு சாப்பிட்டுவிட்டு இரவுக்குள் கூருக்குத் திரும்பலாம். 2008 முதல் இந்த இரு பாதைகளும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த சுற்றுலா ரயிலுக்கு முன்பதிவும் கூடுதல் கட்டணமும் வேண்டும். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலில் இவை எதுவும் வேண்டாம், சில பெட்டிகளில் ஜன்னலையும் இறக்கிக்கொள்ளலாம். இடம் தெரிந்தவர்கள் அதில்தான் ஏறுகிறார்கள்.

தெற்கே சான் பெர்னார்தினோ வழியாக பெலின்சோனாவுக்கு பஸ் போகிறது; ஜெர்மன் பேச்சில் ஏறியவர் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் இத்தாலியப் பேச்சில் இறங்குகிறார். ஆண்டேர் என்ற ஊரில் பஸ் மாறினால், 2126 மீட்டர் உயரத்தில் ஆண்டு முழுதும் ஆட்கள் வாழும் யூஃப் கிராமம் வரை போகலாம். இப்படிப் போகிறவர்கள் முதலில் பார்த்துவைக்க வேண்டியது திரும்பி வரும் கடைசி பஸ்ஸின் நேரம். உயரக் கணவாய்களில் பஸ் கோடையில் மட்டுமே ஓடும் என்பதும் நினைவிருக்க வேண்டும். ஃபுர்காவும் கிரிம்சலும் பனி விலகித் திறக்கப் பல ஆண்டுகளில் ஜூன் ஆகிவிடுகிறது.

செலவு அதிகம், அதை மறைத்துப் பயனில்லை. சுவிஸ்காரர்களும் பெரும்பாலும் காரில்தான் போகிறார்கள். 1980இல் திறந்த கோட்ஹார்டு சாலைச் சுரங்கத்தின் முன்னால் ஈஸ்டர் விடுமுறையில் கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் நிற்கின்றன. எனினும் கார் இல்லாதவர் எந்த ஊருக்கும் போக முடியும் என்ற நிலையை அவர்கள் கைவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நடுவில் புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வருகிறது. அதற்குப் பல மாதம் முன்பே வரைவை மக்கள் பார்வைக்கு வைத்துவிடுகிறார்கள். எங்கள் ஊர் பஸ் ரயிலுக்கு இரண்டு நிமிடம் பிந்துகிறது என்று கிராமத்துக்காரர் எழுதிப் போடலாம். மாநில அலுவலகம் அதைப் படித்துப் பதில் சொல்கிறது.